பொத்தானின் கடைவாய்ப்பல்

பல்தான் என்று டாக்டரம்மா சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கக் கூடாத இடம் என்று தெரிந்தும் வந்துவிட்டது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார், என்ன நினைத்தாரோ. மேஜையில் ஒரு முயல் தாடை நனைந்து உட்கார்ந்திருக்கிறது, நேற்றுக் காலையிலிருந்து அதன் வயிற்றுக்குள் ஒரு இலைகூடப் போகவில்லை, அதைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்த நாற்பத்தெட்டு வயது ஆள் பல் என்றதும் சிரிக்கிறான். காரணம் கிடைத்த சந்தோஷம், வேறொன்றுமில்லை என்று சொல்லியிருக்கலாம். காதுக்குள் பார்க்கிற கருவியைப் பொத்தானின் வாய்க்குள் விட்டு, நீங்களும் பாருங்க என்று அவர் நகர்ந்து இடம் விட்டார். நான் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். இளஞ்சிவப்பாக, ஈரமாக, ஒரு சின்னக் குகை. குகையின் ஓரத்தில் கீழ்க் கடைவாய்ப்பல் ஒன்று உள்பக்கம் சாய்ந்து, கருவேல முள் மாதிரி கூராகி, நாக்கைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தது. நாக்கில் அது கீறிய இடம் வெளுத்துத் தெரிந்தது. எவ்வளவு சின்ன முள். ஒரு அரிசிமணியில் பாதி இருக்குமா. இதற்காகவா எட்டு நாள் கோயமுத்தூர் முழுக்க அலைந்தேன், இதோ இங்கே இருந்திருக்கிறது, எங்கள் வீட்டுக்குள்ளேயே, பால்கனியிலேயே, அதன் வாயிலேயே. "முயலுக்குப் பல்லு உசுரு இருக்கற வரைக்கும் வளந்துட்டேதாங்க இருக்கும். புல்லை அரைச்சு அரைச்சுத் தேயணும். இவனுக்கு ஒரு பக்கம் தேயலை" என்றார் டாக்டரம்மா. "மயக்கம் குடுத்துத்தான் மெஷின்ல ராவித் தேச்சு விடணும். முயலுக்கு மயக்கம்னா எனக்கே கொஞ்சம் பயந்தான், மொதல்லயே சொல்லிடறேன். எந்திரிச்ச பின்னாடி ரெண்டு மணி நேரத்துக்குள்ள அவனா எதையாச்சும் மெல்லணும். மென்னுட்டா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போலாம். குடல் நின்னுபோச்சுன்னா அப்புறம் நம்ம கையில இல்லீங்க." நான் தலையாட்டினேன். கையெழுத்துப் போட்டேன். முயலின் பெயர் என்ற இடத்தில் பொத்தான் என்று எழுதினேன், உதவியாளர் மயில்சாமி அதைப் படித்துவிட்டு, "சட்டைப் பொத்தானுங்களா சார்?" என்று கேட்டார், ஆமாங்க என்றேன், கதவு சாத்திக்கொண்டது. மணி பத்து பத்து.

பத்து பத்து. மகள் நித்திலாவுக்கு இப்போது இரண்டாவது பீரியட், சுற்றுச்சூழல். அவளுக்கு எதுவும் தெரியாது. ஏழு நாற்பதுக்கு வேன் ஏறிப் போனாள், எட்டு மணிக்கு நான் கூண்டைத் துடைக்கப் போனபோதுதான் பொத்தானின் தாடையில் மயிரெல்லாம் ஈரத்தில் ஒட்டிக் கொத்துக் கொத்தாக நிற்பதைப் பார்த்தேன், தட்டில் நேற்று வைத்தது வைத்தபடி, கூண்டுக்கு அடியில் வைத்திருக்கும் தாளில் ஒரு புழுக்கைகூட இல்லை, சுத்தமான தாள், அவ்வளவு சுத்தம் அந்த இடத்தில் இருக்கவே கூடாது. சரி, நித்திலாவின் நோட்டுக்கு வருகிறேன், வராமல் எங்கே போக, கதவு சாத்தியதிலிருந்து மனசு அந்த நோட்டையே சுற்றிக்கொண்டிருக்கிறது. கோடு போட்ட நாற்பது பக்க நோட்டு. நெதர்லாந்தில் ஐந்தோவனிலிருந்து நாங்கள் வந்து இறங்கிய மாதமே ஏற்பாடு செய்தது. நித்திலா தமிழ் பேசுவாள், வீட்டுப் பேச்சு, தடையில்லாமல் பேசுவாள், எழுத மட்டும் வராது. ஒன்பது வயசு வரைக்கும் டச்சு எழுதிய கை. அதனால் தினமும் சாயங்காலம் பொத்தானைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் தமிழில் எழுத வேண்டும், நான் திருத்துவேன். பொத்தான் இன்று தூங்கினான். பொத்தான் இன்று என் கால் விரலை நக்கினான். நான் சிவப்புப் பேனாவில் திருத்துவேன். பத்தொன்பது வருஷம் அங்கே அதுதான் என் வேலை, ஒரு கம்பெனியில் இயந்திரங்களின் கையேடுகளைத் திருத்துவது, எந்த ஸ்க்ரூவை எந்தப் பக்கம் திருப்புவது என்று எவனோ எழுதியதில் பிழை பார்ப்பது, அந்த இயந்திரங்களில் ஒன்றைக்கூட நான் நேரில் பார்த்ததில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. எட்டு நாளுக்கு முன்னால் அவள் எழுதியிருந்தாள், பொத்தானுக்குப் பல் சரியில்லை. நான் படித்தேன். எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. ப-வின் வலது காலைக் கீழே ஓர் இழுப்பு இழுத்தேன். பு. பொத்தானுக்குப் புல் சரியில்லை. பக்கத்தில் 'கவனம்' என்று எழுதி, பரவாயில்லை, நல்ல வாக்கியம் என்று ஒரு நட்சத்திரமும் போட்டேன்.

ஒரே இழுப்பு. ஒரு சென்டிமீட்டர் இருக்காது. அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு நான் எங்கெல்லாம் போனேன். புல் சரியில்லையா, ஆமாம், அதுதான் சரியாகச் சாப்பிடமாட்டேன் என்கிறான், குழந்தை எவ்வளவு அழகாகக் கவனித்திருக்கிறாள் என்று பெருமை வேறு. மறுநாளே வடவள்ளிக்குப் போய் அருகம்புல். அதை இரண்டு வாய் எடுத்துவிட்டுத் தள்ளினான். அடுத்து ஒரு பண்ணையில் போய்க் குதிரைமசால் தழை ஒரு கட்டு. வாசமே தனி, ஸ்கூட்டரில் வரும்போது எனக்கே சாப்பிடலாம் போல இருந்தது. பொத்தான் இலையை மட்டும் உருவித் தின்றுவிட்டுத் தண்டை விட்டான். தண்டு முற்றல் போல என்று அதையும் நான்தான் எழுதினேன் மனசுக்குள். வேலிமசால் வாங்கினேன். மாடுகளுக்குப் போடுகிற உயரப்புல் வாங்கி, அது அவனுக்கு முரடாக இருக்குமென்று கத்தரிக்கோலால் பொடிப்பொடியாக நறுக்கி, கொத்தமல்லி தூவுகிற மாதிரி தட்டில் தூவினேன். டாக்டரம்மா இன்றைக்கு அதைக் கேட்டபோது முகம் கோணியது. "நறுக்கியா குடுத்தீங்க? அரைக்கற வேலை இருந்தாத்தானேங்க பல்லு தேயும்." ஆக, புல்லைத் தேடித் தேடி வாங்கி, வாங்கிய புல்லிலும் பல்லுக்கு வேலையில்லாமல் செய்து, அந்த எட்டு நாளும் முள் வளர இடம் கொடுத்திருக்கிறேன். இதில் சிரிப்பு எங்கிருந்து வந்தது எனக்கு. ஆனால் இப்போதும் உள்ளே துள்ளிக்கொண்டுதான் இருக்கிறது, பயமும் துள்ளலும் ஒரே இடத்தில், தொண்டைக்குக் கீழே, எது எது என்று பிரிக்க முடியவில்லை. காரணம் தெரிந்துவிட்டது. தெரிந்த ஒன்றைச் சரிசெய்யலாம். தெரியாததோடு எட்டு நாள் இருந்தவனுக்குத்தான் அது புரியும்.

"மொசலுக்கு என்னாச்சுங்க?" என்று எதிரிலிருந்து கேட்டது ஒரு குரல். வந்ததிலிருந்து எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மா, என் வயசு இருக்கலாம், காலடியில் கறுப்பு வெள்ளாடு ஒன்று காது தொங்க நிற்கிறது. பேர் துளசியக்கா என்பது மயில்சாமி கூப்பிட்டபோது தெரிந்தது. பல்லுங்க என்றேன். "பல்லா? மொசலுக்கா?" என்றார். ஆமாங்க, ராவுறாங்க. "பல்லு ராவறதுக்கு ஆசுபத்திரி. எங்கூட்டுக்காரரு கடவாப் பல்லு ஆறு மாசமா ஆடுது, அவரைக் கூட்டியாந்திருக்கோணும் நானு." நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை, ஆட்டின் முதுகைத் தடவிக்கொண்டே, "கறிக்கா வளத்தறீங்க?" என்றார். இல்லைங்க, பொண்ணுக்கு, சும்மா விளையாட. "எடை எவ்வளவு நிக்கும்?" அது வந்துங்க, விளையாடத்தாங்க வளக்கறோம். "சரி, சரி. சொல்லப்படாதுன்னா உடுங்க." பிறகு அவராகவே, எத்தனை நாளாத் திங்கலை என்று கேட்டார், நான் சொன்னேன், எதற்காகச் சொன்னேன் என்று தெரியவில்லை, எல்லாவற்றையும் சொன்னேன், அருகம்புல், குதிரைமசால், வேலிமசால், நறுக்கியது, தூவியது. நோட்டை மட்டும் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தவர் சட்டென்று குனிந்து தன் ஆட்டின் கீழ் உதட்டைக் கட்டைவிரலால் இழுத்துக் காட்டினார், வரிசையாகச் சின்னப் பற்கள், நடுவில் இரண்டு மட்டும் பெரிசு. "இது ரெண்டு பல்லு. ஒண்ணேகால் வருசம். ஆடு வாங்கறப்ப வயசு கேப்பாங்களா, பல்லைப் பாப்பாங்களா? திங்கலைன்னாலும் மொதல்ல வாயிதான். நாங்க வாயைப் பாத்துட்டுத்தானுங்க மத்ததெல்லாம் பாப்போம். நீங்க பல்லைப் பாக்காமயா புல்லை மாத்துனீங்க?" ஆமாங்க என்றேன். "என்ன படிச்சிருக்கீங்க?" அதற்குள் ஆட்டுக்கு மூக்கு ஒழுகியது, முந்தானையால் துடைத்துவிட்டார்.

கதவுக்குப் பின்னால் சத்தம் ஆரம்பித்துவிட்டது. ர்ர்ர் என்று. மெல்லியது, தையல் மெஷின் தூரத்து வீட்டில் ஓடுகிற மாதிரி. நிற்கிறது. மறுபடி ர்ர்ர். நிற்கும்போதெல்லாம் மூச்சைப் பார்க்கிறார்களாக இருக்கும். மூச்சு இருக்கிறதா. இருப்பதால்தானே மறுபடி ஓட்டுகிறார்கள், ஓட்டுகிறவரை உயிர் இருக்கிறது என்று அர்த்தம், ஆகவே ஓடட்டும், நிற்காமல் ஓடட்டும், இல்லை, நிற்க வேண்டும், நின்றால்தான் முடியும். ஒன்றரைக் கிலோ எடையுள்ள ஒரு ஜீவனின் இதயம் எவ்வளவு பெரிசு இருக்கும், ஒரு நெல்லிக்காய் அளவு இருக்குமா. இந்த நெல்லிக்காயின் மேல்தான் எங்கள் வீடு நிற்கிறது என்று தோன்றியது, மிகைதான், ஆனால் அப்படித்தான் தோன்றியது. ஊருக்குத் திரும்பலாமென்று நானும் மனைவி சுபத்ராவும் முடிவெடுத்தபோது நித்திலா அழவில்லை. சுபத்ரா அங்கே வேலையை முடித்துக்கொண்டு ஜூனில் வருவாள், நீயும் அப்பாவும் முன்னால் போங்கள் என்றதற்கும் அழவில்லை. கோயமுத்தூரில் முயல் வளர்க்கலாமா என்று மட்டும் கேட்டாள். அடுக்குமாடி வீட்டில் அங்கே அனுமதியில்லை, இங்கே பால்கனி இருக்கிறது, வளர்க்கலாம் என்றேன். ஒரு வருஷம் இருந்து பார்ப்போம், உனக்குப் பிடிக்கவில்லையென்றால் பேசலாம் என்றும் சொன்னேன், சொல்லியிருக்க வேண்டாம், குழந்தைகள் அப்படிச் சொன்னதை மறப்பதில்லை. வகுப்பில் யாரோ அவள் பேச்சைக் கேட்டு, நீ வெளிநாட்டுத் தமிழா என்று கேட்டிருக்கிறார்கள், அன்றைக்குச் சாயங்காலம் வந்து நேராகப் பால்கனிக்குப் போய் அவனோடு பேசிக்கொண்டிருந்தாள், தமிழில்தான், டச்சில் இல்லை, நான் கதவோரம் நின்று கேட்டேன். பொத்தான் என்று பேர் வைத்ததும் அவள்தான். தமிழில் அவளுக்கு முதல் முதலில் பிடித்த சொல் அது, வாயை மூடித் திறக்கும்போது ஏதோ வெடிக்கிறதாம். அவளுடைய முழுத் தமிழும் இன்றைக்கு அந்த மேஜையில் படுத்திருக்கிறது. அவள் இந்த ஊரில் எழுதிய உண்மையான முதல் வாக்கியம், யாரும் சொல்லிக்கொடுக்காமல், தானே பார்த்து, தானே கண்டுபிடித்து எழுதிய வாக்கியம், அதைத்தான் நான் திருத்தினேன். தப்பாகத் திருத்தினேன். நட்சத்திரம் வேறு.

அதோடு விட்டேனா. ஐந்து நாளுக்கு முன்னால், ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் அவள் மடியில் பொத்தான் உட்கார்ந்து பல்லை நறநறவென்று அரைத்துக்கொண்டிருந்தான். முயல் பல்லை அரைத்தால் சந்தோஷமாக இருக்கிறதென்று நான் எங்கோ படித்திருந்தேன், பூனை சுகத்தில் குர்குர் என்பது மாதிரி. பாரு, எவ்வளவு சந்தோஷமா இருக்கான் என்றேன். அவள் என்னையே பார்த்தாள். மெதுவாக அரைத்தால்தான் சந்தோஷம், சத்தமாக அரைத்தால் வலி என்று இன்றைக்கு டாக்டரம்மா சொல்லித்தான் தெரியும் எனக்கு. அவளுக்கு அப்போதே தெரிந்திருக்குமோ. வலிக்கிறது என்று தெரிந்துகொண்டே, அப்பா சந்தோஷம் என்கிறாரே என்று பேசாமல் இருந்துவிட்டாளோ. நான் எழுதியதைப் படித்தும் அப்பா ஒன்றும் செய்யவில்லையே என்று நினைத்திருப்பாளோ. ஒரு தடவை கேட்டாள், சரியாயிடுமாப்பா என்று. சரியாயிடும், பழசு போய்ப் புதுசு வந்தா சரியாயிடும் என்று நான் பதில் சொன்னேன், புதுப் புல்லுக் கட்டை நினைத்துக்கொண்டு. அவள் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலைத்தான் என்னால் தாண்டிப் போக முடியவில்லை. என்ன புரிந்துகொண்டு தலையாட்டினாள். எட்டாம் வகுப்பு வரை நான் தமிழ் மீடியம், ஒன்பதாம் வகுப்பில் இங்கிலீஷ் மீடியம், அந்த முதல் வருஷம் நானும் இப்படித்தான் தலையாட்டினேன். என் கட்டுரையில் வாத்தியார் ஒரு சொல்லை அடித்து வேறொரு சொல் எழுதினார். எனக்கு அந்தச் சொல்லே தெரியாது, நான் சொல்ல வந்தது அதுவும் இல்லை, ஆனாலும் சிவப்பு மசியில் இருந்ததால் அதுதான் நான் சொல்ல வந்தது என்று நானே நம்ப ஆரம்பித்தேன். அப்படி நம்பிய எத்தனை சொற்களோடு நான் வளர்ந்திருக்கிறேனோ. சத்தம் நின்றுவிட்டது.

நின்றுவிட்டது. மறுபடி ஓடவில்லை. நான் எழுந்து நின்றேன். துளசியக்கா, "உக்காருங்க, நீங்க நின்னா வேகமா முடிச்சுருவாங்களா?" என்றார். உட்கார்ந்தேன். மறுபடி எழுந்தேன். சுவரில் நாய்களின் வகைகளைப் போட்ட படம் ஒன்று, முப்பத்தாறு நாய், ஒரு முயல்கூட இல்லை. ஃபினாயில் வாசத்துக்கு நடுவில் ஆட்டு வாசம். டாக்டரம்மா வெளியே வந்து, உங்க முயல் என்று தொடங்கி, கையுறையைக் கழற்றிக்கொண்டே, அடுத்த சொல்லைச் சொல்ல எடுத்துக்கொள்ளும் அந்த இடைவெளி எப்படி இருக்குமென்று நூறு விதமாகப் பார்த்துவிட்டேன். சாயங்காலம் வேன் வந்து நிற்கும்போது வாசலில் நான் எந்த முகத்தோடு நிற்பது. எதை முதலில் சொல்வது, செத்துவிட்டான் என்பதையா, நீ சரியாகத்தான் எழுதியிருந்தாய் என்பதையா. இரண்டாவதை முதலில் சொன்னால் முதலாவதுக்குக் காரணம் நான் என்றாகும். ஆகட்டும், நான்தானே. கதவு திறந்தது. மயில்சாமி தலையை மட்டும் நீட்டி, "சார், பொத்தான் கண்ணு முழிச்சுட்டானுங்க, வாங்க" என்றார், பொத்தான் என்ற பேரை அவர் சொன்னதில் ஒரு மரியாதை இருந்தது, ஒரு ஆளைச் சொல்வது மாதிரி. நான் செருப்பை எங்கே விட்டேன் என்று தெரியாமல் வெறுங்காலோடு உள்ளே ஓடினேன். மணி பதினொன்று ஐந்து.

துண்டுக்குள் இருந்தான். கீழே வெந்நீர்ப் பை. கண் திறந்திருக்கிறது, ஆனால் எதையும் பார்க்கவில்லை, ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது படுத்தும். மூக்கு மட்டும் அசைகிறது. டாக்டரம்மா ஒரு கிண்ணத்தில் பஞ்சின் மேல் வைத்திருந்ததைக் காட்டினார், வெள்ளையாக ஒரு துணுக்கு, தும்மினால் பறந்துவிடும். இவ்வளவுதாங்க என்றார். பிறகு ஊசியில்லாத சிரிஞ்சில் பச்சையாக ஏதோ கரைத்ததை அவன் வாய் ஓரத்தில் ஒரு சொட்டு வைத்தார், அது வழிந்து துண்டில் இறங்கியது. "இதை ஊத்தி ஓட்டலாம், ஆனா அது நம்ம வேலை. அவன் வேலை அவன் செய்யணும். நீங்க பக்கத்துல இருங்க, உங்க வாசம் தெரியட்டும்." பதினொன்று இருபது. ஒரு கொத்தமல்லித் தண்டை மூக்குக்கு நேரே பிடித்தேன். மூக்கு அசைந்தது, முகம் திரும்பிக்கொண்டது. பதினொன்று நாற்பது. அருகம்புல்லை நீட்டினேன், நறுக்காமல், நீளமாக, வேரோடு. அதற்கும் திரும்பிக்கொண்டான். வெளியே துளசியக்காவின் ஆட்டுக்கு ஊசி போட்டிருப்பார்கள் போல, ஒரு கத்தல், உடனே அவர் குரல், "அடச்சீ, ஊசிக்கா இந்தச் சீனு" என்று. பன்னிரண்டு ஐந்து. ஒரு மணி நேரம் போய்விட்டது. பாதி போய்விட்டது. கதவைத் தள்ளிக்கொண்டு துளசியக்கா உள்ளே எட்டிப் பார்த்தார், யாரும் அவரைக் கூப்பிடவில்லை, தடுக்கவும் இல்லை. ஆட்டுக்கென்று மடியில் கட்டிக்கொண்டு வந்திருந்த அகத்திக் குழையை ஒரு கொப்பு ஒடித்து என்னிடம் நீட்டினார். "கையில புடிச்சு நீட்டாதீங்க. பெரிய மனுசனுக்கு ஊட்டற மாதிரி. கீழ போட்டுட்டு அந்தாண்ட பாருங்க. பாத்துட்டே இருந்தா எது திங்கும்?" என்று சொல்லிவிட்டு, போய்விட்டார், ஆடு அவரை இழுத்துக்கொண்டு போனது. நான் கொப்பைத் துண்டின் ஓரத்தில் போட்டேன். சுவரைப் பார்த்தேன். சுவரில் ஒரு ஆணி. ஆணியில் ஒன்றும் மாட்டியில்லை. ஆணியையே பார்த்தேன். எதுவும் நினைக்காமல் இருக்க முடியுமா என்று நினைத்துக்கொண்டே ஆணியைப் பார்த்தேன். முதலில் துண்டு நகர்ந்த சத்தம். பிறகு நீண்ட நேரம் ஒன்றுமில்லை. பிறகு, க்ரக். ஈரமான சின்னச் சத்தம், காம்பு முறிகிற சத்தம். திரும்பாதே, திரும்பாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். க்ரக், க்ரக், க்ரக். எனக்கு முதுகெல்லாம் சிலிர்த்துவிட்டது. திருமணம், குழந்தை, விமானம், வேலை எதிலும் என் முதுகு இப்படிச் சிலிர்த்ததில்லை என்று ஒரு கணம் தோன்றியது, அதுவும் பொய்யாக இருக்கலாம், இருந்துவிட்டுப் போகட்டும். மெல்கிறான். பொத்தான் மெல்கிறான்.

சாயங்காலம் வரை என்னால் இருக்க முடியவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டேன். ஆபீஸில் ஒரு அம்மா எடுத்தார். நாலாம் வகுப்பு பி பிரிவு நித்திலாகிட்ட ஒரு நிமிஷம் பேசணுங்க. "அவசரமுங்களா?" ஆமாங்க, ரொம்ப. "வீட்டுல யாருக்காச்சும்..." என்று இழுத்தார். இல்லைங்க, நல்ல விஷயந்தாங்க. "என்னன்னு சொல்லுங்க, நானே சொல்லிடறேன்." முயல் சாப்பிடுதுன்னு சொல்லணுங்க. "பாப்பாவே வரட்டுங்க" என்றார், மதியச் சாப்பாட்டு நேரம்தான், கூப்பிடுகிறேன் என்று போனார். நான் போனைக் காதில் வைத்தபடி சுவரோரம் நின்றேன். தூரத்தில் பள்ளிக்கூடத்து இரைச்சல், டிபன் பாக்ஸ் மூடிகள் விழும் சத்தம், இங்கே க்ரக், க்ரக். அப்பா என்றாள் நித்திலா. மூச்சு வாங்கியது, ஓடி வந்திருக்கிறாள். நான் காலையிலிருந்து நடந்ததை அப்படியே கொட்டினேன், தாடை ஈரம், டாக்டரம்மா, முள், ராவியது, மயக்கம், எதையும் மறைக்கவில்லை, செத்துப்போயிருக்கலாம் என்பதைக்கூடச் சொன்னேன். கடைசியில் சொன்னேன், நீ பல்லுன்னுதான் எழுதியிருந்தே. நான் தப்பாத் திருத்திட்டேன். "ஆமா" என்றாள், சாதாரணமாக. "நீ கோடு போட்டியா, சரி, பல்லை எழுதறப்ப அப்படித்தான் எழுதணும் போலன்னு நெனச்சேன். நீயும் பழசு போய்ப் புதுசு வரும்னு சொன்னே. எனக்கு விழுந்து மொளச்ச மாதிரி அவனுக்கும் மொளைக்கும்னு இருந்தேன். ஆனா விழவே இல்லை. தினமும் கூண்டுல தேடினேன்." எட்டு நாள் அவள் கூண்டுக்குள் கைவிட்டு விழுந்த பல்லைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறாள், நான் வடவள்ளியில் புல் தேடிக்கொண்டிருந்தேன். இனிமே நான் திருத்தறதுக்கு முன்னாடி உன்னைக் கேட்டுட்டுத் திருத்தறேன் கண்ணு என்றேன். அவள் அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகவே தெரியவில்லை. "அப்பா, இப்ப மெல்றானா?" மெல்றான், கேளு என்று போனை அவன் பக்கம் நீட்டினேன், மறுபடி காதில் வைத்தேன். "கேட்டுச்சு" என்றாள். பிறகு, வகுப்பில் கணக்குக் கேட்பது மாதிரி நிதானமாக, "ரெண்டு பக்கமுமா மெல்றான்? முன்னாடி வலது பக்கம் மட்டும்தான் மென்னான். இடது பக்கம் வச்சா நாக்கால அந்தப் பக்கம் தள்ளிடுவான். நல்லாப் பாத்துச் சொல்லு."

இரு கண்ணு என்றேன். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, வெறும் தரையில் முட்டிபோட்டு, அவன் முகத்துக்கு நேராக என் முகம் வரும்வரை தாழ்ந்தேன். இரு, பாக்கறேன்.